ஒரே கூரை, இரண்டு சீட்டு

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் வாங்க ஒரு வரிசை, மூட்டுவலித் தைலம் வாங்க இன்னொரு வரிசை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்குப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தொடங்கி எத்தனையோ ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை சித்தா பிரிவு இயங்குகிறது. அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரித்த சூரணமும் லேகியமும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. இதைத்தான் ஒருங்கிணைந்த மருத்துவம் என்று அரசு விழா மேடைகளில் சொல்கிறார்கள். ஆனால் இந்த அறையில் எழுதிய சீட்டு அந்த அறைக்குப் போவதில்லை. அலோபதி மருத்துவர் என்ன மாத்திரை கொடுத்தார் என்பது சித்த மருத்துவருக்குத் தெரிய வேண்டுமானால் நோயாளி வாய்திறந்து சொல்ல வேண்டும். சித்தா பிரிவில் வாங்கியதை அலோபதி மருத்துவரிடம் சொல்ல நோயாளிக்குத் தயக்கம். சொன்னால் திட்டு விழும். ஆக, இரண்டு மருத்துவத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற ஒரே ஆள், இரண்டையும் படிக்காத நோயாளிதான்.

அந்த நோயாளி சிறுபான்மையும் அல்ல. மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2022-23-இல் ஆயுர்வேதம், யோகா, சித்தா உள்ளிட்ட ஆயுஷ் மருத்துவ முறைகள் பற்றித் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதற்கு முந்தைய ஓராண்டில் நோய் தீரவோ நோய் வராமல் தடுக்கவோ இந்த முறைகளில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் கிராமப்புறத்தில் ஏறக்குறைய 46 சதவீதம், நகர்ப்புறத்தில் 53 சதவீதம். வீட்டு வைத்தியமும் இதில் அடக்கம் என்பதால் எண்ணிக்கை சற்று ஊதித் தெரியலாம். அப்படிக் கழித்துப் பார்த்தாலும், இரண்டு மருத்துவத்தைச் சேர்க்கலாமா கூடாதா என்று கருத்தரங்கில் விவாதிப்பதற்கு முன்பே மக்கள் சேர்த்துவிட்டார்கள் என்பதை மறுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி வாங்குகிறவர் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு வாங்குவதில்லை, இரண்டையும் சாப்பிடுகிறார். மருத்துவமனை அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளப் போகிறதா, தெரியாததுபோல இருக்கப் போகிறதா என்பதுதான் மிச்சம்.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: சேர்க்க வேண்டியது மருத்துவத் தத்துவங்களை அல்ல, ஒரு நோயாளியின் சிகிச்சையை. வாதம், பித்தம், கபத்தை நோய் எதிர்ப்பியலோடு முடிச்சுப் போடும் முயற்சிகளால் இதுவரை ஆனது அதிகமில்லை. அதற்குப் பதிலாக ஒரே கேஸ் ஷீட், பயனை அளக்க ஒரே அளவுகோல், தவறு நடந்தால் ஒரே பொறுப்பு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஒரு சிகிச்சை எந்த நூலில் இருந்து வந்தது என்பது இரண்டாம்பட்சமாகிவிடும். இது இரு தரப்புக்கும் பிடிக்காத நிலைப்பாடு. அலோபதி மருத்துவர் தன் வாசலைத் திறக்க வேண்டும். சித்த மருத்துவர் தன் மருந்தைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

ஒரே கேஸ் ஷீட் ஏன் முதலில் வருகிறது? மூலிகை என்பது சாதுவான பொருள் என்ற நினைப்பு இரண்டு அறைகளிலும் இருக்கிறது. சித்தா பிரிவில் அது பக்கவிளைவு இல்லாதது என்று நம்பப்படுகிறது. அலோபதிப் பிரிவில் அது விளைவே இல்லாதது என்று நம்பப்படுகிறது. இரண்டும் தவறு. தொண்டைக் கரகரப்புக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின், நாள்கணக்கில் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நீர் பிரிவதற்கான மாத்திரையும் இதயத்துக்கான டிஜாக்சினும் சாப்பிடுகிற முதியவருக்கு இது இதயத் துடிப்பைத் தடம் புரளவைக்கக்கூடிய சேர்க்கை. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்கள் முதலில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் அப்படி 43 பேர் இருந்தார்கள். எத்தனை லட்சம் பேர் சாப்பிட்டதில் 43 பேர் என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முடியாததன் காரணம், யார் சாப்பிட்டார் என்று எந்த மருத்துவமனையும் எழுதிவைக்காததுதான். ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய டெல்லியில் அகில இந்திய ஆயுர்வேத நிறுவனத்தைத் தலைமையாகக் கொண்டு ஒரு தேசியத் திட்டம் நடக்கிறது. அலோபதி மருந்துகளுக்குக் காசியாபாத்தில் வேறொரு திட்டம். இரண்டு மருந்தும் ஒரே கல்லீரலுக்குள் போகின்றன, புகார்கள் மட்டும் வேறு வேறு அலுவலகங்களுக்கு.

தத்துவங்களைச் சேர்ப்பது என்ற வழியைத் தமிழகம் ஏற்கெனவே நடந்து பார்த்திருக்கிறது என்பதும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். சென்னை மாகாண அரசு 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் ஆராய்ந்து அது 1923-இல் அறிக்கை கொடுத்தது. குழுவின் செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, மேற்கத்திய மருத்துவம் படித்து ராணுவத்தில் பணியாற்றியவர். அடுத்த சில ஆண்டுகளில், பனகல் அரசர் ஆட்சியில், சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் சோப்ரா குழு இரு மருத்துவத்தையும் ஒன்றாக்கச் சொன்னது; சென்னைப் பள்ளியும் ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரியாக மாறியது. காலையில் உடற்கூறியல், மாலையில் சித்த மருந்தியலான குணபாடம் என்கிற மாதிரியான படிப்பு. நாடு முழுவதும் இத்தகைய கல்லூரிகளில் படித்த மாணவர்கள் எம்.பி.பி.எஸ். தகுதி கேட்டுப் போராடினார்கள். பட்டம் பெற்றவர்களில் பலர் ஊசியும் மாத்திரையும்தான் கொடுத்தார்கள். சென்னைக் கல்லூரி 1960-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆனது. இன்றைக்கு அங்கே எம்.பி.பி.எஸ். படிக்கிற பலருக்குத் தங்கள் கல்லூரியின் பூர்வீகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1964-இல், பாளையங்கோட்டையில் சித்த மருத்துவத்துக்கென்றே தனிக் கல்லூரி தொடங்க வேண்டியிருந்தது. ஒரே மண்டைக்குள் இரண்டு மருத்துவத்தையும் திணித்தால் வலிமையான பக்கம் மற்றதை விழுங்கும் என்பது கீழ்ப்பாக்கம் கற்றுக்கொடுத்த பாடம். மீண்டும் கலப்புப் பட்டம் பேசுகிறவர்கள் அந்த வரலாற்றைப் படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

வேலை செய்த ஏற்பாடுகள் வேறு மாதிரி இருக்கின்றன; அவை ஒரு நோயை எடுத்துக்கொண்டு அதில் யார் எதைச் செய்வது என்று பிரித்துக்கொண்டவை. கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள பயன்பாட்டுத் தோல் மருத்துவ நிறுவனம் யானைக்கால் நோயால் வீங்கிய கால்களுக்குச் சிகிச்சை தருகிறது. சோப்புப் போட்டுக் கழுவுதல், புண்களுக்கும் தொற்றுக்கும் நவீன மருந்து, ஆயுர்வேத எண்ணெய், மூலிகைக் கஷாயத்தில் கால் ஊறவைத்தல், யோக மூச்சுப் பயிற்சி, கடைசியில் அழுத்தக் கட்டு. வீக்கத்தின் கன அளவை டேப் வைத்து அளக்கிறார்கள். காய்ச்சலோடு கால் சிவந்து வீங்குவது ஆண்டுக்கு எத்தனை முறை என்று எண்ணுகிறார்கள். ஃபைலேரியா புழுவைக் கொல்லும் மாத்திரை இந்தக் கட்டத்தில் வீக்கத்தைக் குறைப்பதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் எண்ணெயும் கட்டும் நுழைந்தன. யாரும் யாருடைய தத்துவத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தோல் மருத்துவர், ஆயுர்வேத மருத்துவர், யோகா ஆசிரியர், செவிலியர் எல்லாரும் ஒரே தாளில் எழுதினால் போதுமாக இருந்தது.

மாரடைப்புக்குப் பிந்தைய யோகா இன்னொரு நல்ல உதாரணம், அதன் முடிவு அரைகுறையாக வந்ததாலேயே நல்ல உதாரணம். இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு யோகாவோடு கூடிய மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்தார்கள். 2020-இல் வெளியான முடிவு: மரணமோ மீண்டும் மாரடைப்போ பக்கவாதமோ குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் உடல்நலம் பற்றி நோயாளிகள் தாங்களே தந்த மதிப்பீடு கூடியது. பழைய அன்றாட வேலைகளுக்கு அதிகம் பேர் திரும்பினார்கள். யோகா இதயத்தைக் காப்பாற்றும் என்று விளம்பரம் செய்ய இது உதவாது. பிசியோதெரபிஸ்டும் மறுவாழ்வு மையமும் இல்லாத ஒரு தாலுகா மருத்துவமனை என்ன செய்யலாம் என்று தெரிந்துகொள்ள நன்றாகவே உதவும். ஸ்டாட்டினையும் ஆஸ்பிரினையும் கைவிடாமல் கூடவே செய்யலாம் என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது.

ஜெர்மனியின் அக்குபஞ்சர் பரிசோதனை இதைவிடச் சங்கடமான பாடம் சொல்கிறது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரில் சிலருக்கு முறைப்படி ஊசி போட்டார்கள். சிலருக்கு வேண்டுமென்றே தவறான இடத்தில் மேலோட்டமாகப் போட்டார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துக் குணம் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம். ஊசி வழக்கமான சிகிச்சையை வென்றது. ஆனால் எந்த இடத்தில் குத்த வேண்டும் என்ற சாஸ்திரத்துக்கு அதில் பெரிய பங்கு தெரியவில்லை. ஜெர்மன் அரசுக் காப்பீடு 2007 முதல் இடுப்புவலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் அக்குபஞ்சர் செலவை ஏற்றது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்போ 2016-இல் இடுப்புவலிக்கு வேண்டாம் என்றது. 2021-இல், காரணம் புலப்படாத நாள்பட்ட வலிக்கு யோசிக்கலாம் என்றது. ஒரே சான்றை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் படித்தன. இரண்டிலும் நேர்மை இருக்கிறது: எந்த நோய்க்கு, எத்தனை அமர்வு, என்ன அளவில் என்று எழுதிவைத்துத்தான் முடிவெடுத்தார்கள்.

இங்கே நவீன மருத்துவத் தரப்பின் முதல் ஆட்சேபம் எழும். கதவைக் கொஞ்சம் திறந்தாலே நிரூபணமில்லாததெல்லாம் அரசு முத்திரையோடு உள்ளே வந்துவிடாதா? கேன்சர் நோயாளி கஷாயத்தை நம்பி கீமோதெரபியைக் கைவிட மாட்டாரா? இந்தப் பயம் கற்பனை அல்ல. அமெரிக்க யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நவீன சிகிச்சையோடு மாற்று சிகிச்சையையும் சேர்த்துக்கொண்ட புற்றுநோயாளிகள் 258 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். சேர்த்துக்கொண்டவர்களின் மரண அபாயம் இரு மடங்கு. காரணத்தைத் தேடியபோது அவர்களில் 34 சதவீதம் பேர் கீமோதெரபியை மறுத்திருந்தது தெரிந்தது. மற்ற குழுவில் மறுத்தவர்கள் 3 சதவீதம்தான். சிகிச்சை மறுப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் இரு குழுக்களுக்கும் இடையில் உறுதியாகச் சொல்லக்கூடிய வேறுபாடு இல்லாமல் போனது. ஆகவே ஆளைக் கொன்றது கூடச் சேர்த்தது அல்ல, விட்டது. இதே முடிவைக் கதவை மூடுவதற்கான காரணமாகவும் படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. கதவை மூடினால் அந்த 34 சதவீதம் பேர் கஷாயத்தை விடப்போவதில்லை. மருத்துவரிடம் சொல்வதைத்தான் விடுவார்கள். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனை 1999-இல் ஒருங்கிணைந்த மருத்துவப் பிரிவைத் தன் கட்டடத்துக்குள்ளேயே தொடங்கியது. எந்த மூலிகை எந்த மருந்தோடு மோதும் என்ற தகவல் தொகுப்பை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டது. வலிக்கு அக்குபஞ்சர், பதற்றத்துக்கு தியானம். கட்டிக்கு மட்டும் நவீன சிகிச்சைதான் என்று அங்கே வரம்பு தெளிவாக இருக்கிறது.

சித்த மருத்துவத் தரப்பின் ஆட்சேபம் இதற்கு நேர் எதிரானது. ஒவ்வொரு உடலுக்கும் தனி மருந்து, தனி அனுபானம், தனிப் பத்தியம் என்று பார்க்கும் மருத்துவத்தை எல்லாருக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் பரிசோதனையால் எப்படி அளக்க முடியும் என்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. பதில் கோயம்புத்தூரில் இருக்கிறது. அங்கே ஆர்ய வைத்திய பார்மசியின் மருத்துவர்களும் அமெரிக்க முடக்குவாத நிபுணர்களும் சேர்ந்து, அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியோடு ஒரு பரிசோதனை நடத்தினார்கள். முடக்குவாத நோயாளிகள் 43 பேர் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள்: ஆயுர்வேதம், நவீன மருந்தான மெத்தோட்ரெக்ஸேட், இரண்டும். ஆயுர்வேத மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தன் முறைப்படி தனித்தனியாகவே மருந்து எழுதினார். ஆனால் நோயாளிக்குப் போனது உண்மையான மருந்தா, அதே தோற்றமும் மணமும் உள்ள போலியா என்பது அவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 36 வாரங்கள் கழித்து மூன்று குழுவிலும் முன்னேற்றம் கிட்டத்தட்ட ஒரே அளவு. 43 பேரை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. அதை நடத்தியவர்களே பெரிய ஆய்வு தேவை என்றுதான் சொன்னார்கள். ஆனால் தனித்தனி மருந்து என்பதால் அளக்க முடியாது என்ற வாதம் 2011-இல் அந்தக் கட்டுரை வெளியானதோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகும் அதைச் சொல்கிறவர்கள் அளந்தால் என்ன வருமோ என்று அஞ்சுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆயிரம் ஆண்டுப் பயன்பாடே சான்று என்ற வாதமும் உண்டு, சட்டமும் அதற்கு இடம் தருகிறது. பட்டியலிடப்பட்ட பழைய நூலில் உள்ளபடி ஒரு சித்த மருந்தைத் தயாரிக்கிறவர் புதிதாகப் பயனை நிரூபிக்க வேண்டியதில்லை. நூல் மேற்கோளே பெரும்பாலும் போதும். நீண்டகாலப் பழக்கம் சில விஷயங்களை நன்றாகவே கண்டுபிடிக்கும். சாப்பிட்டதும் வாந்தி வருவதையும் பேதி ஆவதையும் பாட்டிகளே கண்டுபிடித்துவிட்டார்கள். பத்தாண்டு கழித்து வரும் நோயைப் பழக்கத்தால் கண்டுபிடிக்க முடியாது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க ஒரு சீன மூலிகை சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள்; அதில் மூலிகை மாறி அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. சிறுநீரகம் செயலிழந்த 39 பேரைப் பின்னர் பரிசோதித்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவை; நம் நூல்களில் மருந்தாக இருப்பவை. சீனாவிலும் அந்த இனச் செடிகள் நூற்றாண்டுகளாகப் பயன்பட்டவைதான். யார் மீதும் பழிபோட இதைச் சொல்லவில்லை. சிறுநீரகம் கெட்டதற்கும் என்றோ குடித்த கஷாயத்துக்கும் உள்ள தொடர்பு கேஸ் ஷீட் இல்லாத உலகில் யார் கண்ணிலும் படாது.

அளவுகோல் ஒன்றாக இருந்தால் விலகிக்கொள்வதற்கும் மனம் வரும். தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில் 1990-களில் நவீன மருத்துவரான டாக்டர் செ.நெ. தெய்வநாயகம் கண்காணிப்பாளராக இருந்தபோது, எச்.ஐ.வி. நோயாளிகளுக்குச் சித்த மருந்துகளான ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வைரஸை அடக்கும் மருந்துகள் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலம் அது. கைவிடப்பட்டவர்களுக்கு ஒரு படுக்கையும் ஒரு மருந்தும் கிடைத்தன. அதன் மனித மதிப்பைக் குறைத்துப் பேசக்கூடாது. 2004-இல் அரசு வைரஸை அடக்கும் மருந்துகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது, மாறியிருக்கவும் வேண்டும். உயிர் காப்பது எது என்று தெரிந்துவிட்ட பிறகு மற்றது துணைக்குத்தான் நிற்க முடியும். இதே கண்டிப்பு எதிர்ப்பக்கத்துக்கும் பொருந்தும். நாள்பட்ட முதுகுவலிக்கு மாதக்கணக்கில் வலிமாத்திரை எழுதி சிறுநீரகத்தைக் கெடுப்பது நவீன மருத்துவத்தின் பெயரால் தினமும் நடக்கிறது. சித்த மருத்துவத்தின் பிடித்துவிடும் முறையான தொக்கணமும் உடற்பயிற்சியும் அந்த மாத்திரையின் எண்ணிக்கையைக் குறைக்குமா என்று ஒரு மாவட்ட மருத்துவமனை எண்ணிப் பார்த்தால் அதுவே பெரிய ஆராய்ச்சி.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வியில் சட்டம் ஏற்கெனவே தெளிவு. ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், அது கவனக்குறைவே என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. இருந்தும் 2020 நவம்பரில் ஆயுர்வேத முதுநிலை மருத்துவர்கள் 58 வகை அறுவைச் சிகிச்சைகள் செய்யலாம் என்று அறிவிப்பு வந்தது. டிசம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அறுவைச் சிகிச்சை நிபுணர் இல்லாத இடத்தை ஆயுர்வேதப் பட்டதாரியைக் கொண்டு நிரப்புவது பற்றாக்குறைக்குப் போட்ட ஒட்டு. சித்த மருத்துவரைப் பாதி அலோபதி மருத்துவராக்குவதில் நஷ்டம் நோயாளிக்கு மட்டுமல்ல, சித்த மருத்துவத்துக்கும்தான். கீழ்ப்பாக்கம் கதை இன்னொரு முறை நடக்கும்.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்று கேட்கலாம். நிலவேம்புக் குடிநீருக்குப் பணம் இருந்தது. நிலவேம்பு, வெட்டிவேர், பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்குகள் சேர்ந்த இந்தக் கஷாயத்தை 2006 சிக்குன்குனியாவின்போதும் 2012 டெங்குவின்போதும் அரசே கொடுத்தது. 2017-இல் தமிழ்நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தபோது தெருத்தெருவாக அண்டாக்கள் வைக்கப்பட்டன. ஆராய்ச்சி முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் ட்விட்டரில் எழுதியதும் பெரிய சண்டை மூண்டது. சண்டையில் பயன் இல்லை. ஆய்வகத்தில் வைரஸ் மீது இந்தக் கஷாயம் வேலை செய்கிறது என்ற முடிவுகள் உண்டு, ஆனால் டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நீராகாரத்திலேயே தேறிவிடுவதால், குடித்தவர் தேறினார் என்பதில் இருந்து எதுவும் தெரியாது. அந்த ஆண்டு நோயாளிகளில் இருபதில் ஒருவர் சம்மதித்திருந்தால்கூட ஆயிரத்துக்கு மேற்பட்டோர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு கஷாயம், மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்துத் தட்டணுக்களையும் படுக்கை நாட்களையும் எண்ணியிருந்தால் விடை கிடைத்திருக்கும். வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒரே பகுதியில் இருக்கின்றன. மழைக்கு முன்னால் நெறிமுறைக் குழுவின் அனுமதியை வாங்கி, இரு தரப்பு மருத்துவர்களும் கையெழுத்திடும் ஒரு படிவத்தை அச்சடித்துவிட்டால், தைக்குள் முடிவைச் சட்டமன்றத்தில் வைக்கலாம். பயன் உண்டு என்று வந்தால் அலோபதி வார்டிலேயே கொடுக்கட்டும். இல்லை என்று வந்தால் அந்தச் செலவைக் கொசு ஒழிப்புக்குத் திருப்பட்டும்.